பதற்றத்துக்குத் தெரபி: முதன்முறை போகும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுக்கு வரவேண்டியவர் போனை எடுக்கவில்லை என்றால் அடுத்த நிமிடமே மனசு விபத்து வரைக்கும் போய்விடுகிறது. அனுப்பி முடித்த மின்னஞ்சலை நான்காவது முறையாகத் திறந்து படிக்கிறீர்கள். படுத்தால் நாளைய வேலையெல்லாம் தலைக்குள் ஓட ஆரம்பிக்கிறது. கழுத்தும் தாடையும் இறுகிக் கிடக்கின்றன. யாரிடமாவது சொன்னால் "நீ ரொம்ப யோசிக்கிற" என்கிறார்கள். யோசிப்பதை நிறுத்தும் வழி தெரிந்திருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பீர்கள்.

பருவ வயதுக்குப் பிறகு, ஆண்களைவிடப் பெண்களுக்குப் பதற்றக் கோளாறுகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகின்றன. மாதவிடாய், பேறுகாலம், மாதவிடாய் நிற்கும் பருவம் என்று ஹார்மோன் ஏறி இறங்குவது ஒரு காரணம். வன்முறையும் அத்துமீறலும் அனுபவித்திருப்பது இன்னொன்று. வீட்டில் யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்பதை ஒருத்தியே தலையில் சுமப்பதும் சேர்ந்துகொள்கிறது. இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படும் விஷயம் ஒன்று உண்டு. பெண்ணின் பதற்றம் பல நேரங்களில் பொறுப்பு என்ற பெயரில் பாராட்டு வாங்குகிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிப்பாள், எதையும் மறக்கமாட்டாள், யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லமாட்டாள். பாராட்டு கிடைக்கும் பழக்கத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை, அவளும் சந்தேகப்படுவதில்லை. எது உண்மையான பொறுப்பு, எது பயத்தை அடக்குவதற்காகச் செய்வது என்று பிரித்துப் பார்ப்பதுதான் தெரபியில் நடக்கும் பெரிய வேலை. கீழே வருவதெல்லாம் அந்த வேலையை எப்படித் தொடங்குவது, எங்கே தடுக்கும் என்பதைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது, அதற்கு வழியும் யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதியின் நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள். பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

உடம்பை முதலில் பார்த்துவிடுங்கள்

பதற்றம் போலவே தோன்றும் உடல் கோளாறுகள் உண்டு. தெரபிக்கு நேரம் வாங்கும் அதே வாரத்தில் ஒரு பொது மருத்துவரையும் பார்த்து, தைராய்டு, ஹீமோகுளோபின், உடலில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ஆகிய பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். எத்தனை அமர்வு பேசினாலும் அது குறையாது. ரத்தசோகையிலும் நாலு படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியவை. நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

காபி குடிப்பவர் என்றால் கணக்குப் பாருங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பொதுவாகப் பாதகமில்லை என்பார்கள், கர்ப்பிணிகளுக்கு 200. ஆனால் பதற்றம் இருப்பவர்களுக்கு அதைவிடக் குறைந்த அளவே போதும், படபடப்பு கிளம்பிவிடும். குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு வெளியேற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இன்னும் நீளும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைப்பது நல்லது.

மாதவிடாய் நாட்களோடு பதற்றத்துக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க, தினமும் இரவு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். குறைந்தது 2 சுழற்சிகள் குறிக்க வேண்டும்; நினைவிலிருந்து சொல்வது நம்பத்தக்கதல்ல. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மட்டும் உச்சத்துக்குப் போய், தொடங்கிய சில நாட்களில் தணிந்துவிட்டால் அது மாதவிடாய்க்கு முன்வரும் மனநிலைக் கோளாறாக இருக்கலாம். அதற்கான சிகிச்சைத் திட்டமே வேறு. 40-களில் இருக்கும் பெண்களுக்கு, நள்ளிரவில் உடம்பு கொதித்து நெஞ்சு படபடத்து எழுவது மாதவிடாய் நிற்கப்போவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தாடை அல்லது கையில் பரவும் வலி ஆகியவை முதன்முறை வரும்போது "இது வெறும் பதற்றம்தான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு குமட்டல், மூச்சிரைப்பு, அளவுகடந்த சோர்வு என்ற வடிவத்திலும் வரும். மருத்துவமனையில் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடுத்த கட்டம்.

அளந்து வையுங்கள்

பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள் 2006-இல் வெளியானது. மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது. கடந்த 2 வாரங்களைப் பற்றிய 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் கடுமையானது என்று கொள்வார்கள். 10-ஐத் தொட்டால் நிபுணர் ஒருவரிடம் காட்டுவது அவசியம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தை பெற்றவர்களுக்கும் பேறுகால மனச்சோர்வைக் கண்டுகொள்ள 1987-இல் உருவான எடின்பரோ கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். அதில் 10 கேள்விகள். இரண்டுமே நோயைத் தீர்மானிப்பவை அல்ல, யாரை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று காட்டுபவை. உங்கள் முதல் மதிப்பெண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து "ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்டால் பதற்றமான மனசு "ஒன்றுமே மாறவில்லை" என்றுதான் சொல்லும். அந்த எண் உண்மையைச் சொல்லும்.

யாரிடம் போவது

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். சிலர் தெரபியும் செய்வார்கள். மருத்துவ உளவியலாளர் மதிப்பீடும் தெரபியும் செய்வார். ஆலோசகர் என்ற பெயரில் பலதரப்பட்ட பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதால் தகுதியைக் கேட்டே ஆக வேண்டும். முதல் தொலைபேசி அழைப்பிலேயே நான்கு கேள்விகள் கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? பதற்றத்துக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள்? சுமார் எத்தனை அமர்வு ஆகும்? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? இந்தக் கேள்விகளால் எரிச்சலடைபவரிடம் போகவேண்டிய அவசியமில்லை.

பதற்றத்துக்கு ஆய்வுகளின் ஆதரவு அதிகம் உள்ளது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிந்தனைப் பயிற்சிகளும், அதற்கு முன்பே ஜோசப் வோல்ப் போன்றவர்கள் தொடங்கியிருந்த, பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையும் பின்னாளில் அதில் ஒன்றுசேர்ந்தன. வழக்கமாக வாரம் ஒன்று என்று 12 முதல் 15 அமர்வுகள். ஒவ்வொன்றும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். எண்ணங்களோடு மல்லுக்கு நிற்காமல் அவை இருக்கட்டும் என்று விட்டு, முக்கியமானதைச் செய்யப் பழக்கும் ஏற்பு சார்ந்த சிகிச்சையும் பலருக்கு உதவுகிறது. பதற்றத்தின் வேர் ஒரு தாக்குதலிலோ விபத்திலோ சிக்கலான பிரசவத்திலோ இருந்தால், அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள். பொதுவான பயிற்சி மட்டும் போதாது. பெண் தெரபிஸ்ட்தான் வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் கேட்கலாம். யாரிடம் வாய் திறக்க முடியுமோ அவரே உங்களுக்கு ஏற்றவர்.

ஆன்லைனில் பேசுவதானால் பூட்டக்கூடிய அறை, இயர்போன் இரண்டும் வேண்டும். அடுத்த அறையில் ஆள் இருக்கும்போது பேசும் பேச்சு பாதிப் பேச்சாகவே இருக்கும்.

முதல் அமர்வு

முதல் அமர்வில் சிகிச்சை பெரிதாக நடக்காது; கேள்விகள்தான் நடக்கும். எப்போது தொடங்கியது, எதில் கூடுகிறது, எதைத் தவிர்க்கிறீர்கள், தூக்கம், மது, மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, உங்களைத் துன்புறுத்துபவர் யாராவது உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட வேண்டிய கட்டாயம் இல்லை. "அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்" என்பது போதுமான பதில்.

ரகசியக் காப்பின் எல்லைகளை அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குத் துன்புறுத்தல், நீதிமன்ற உத்தரவு ஆகிய சூழல்களில்தான் தெரபிஸ்ட் வெளியே சொல்ல நேரும். கட்டணத்தை வேறொருவர் செலுத்தினாலும், நீங்கள் பேசியதைக் கேட்கும் உரிமை அதனால் அவருக்கு வந்துவிடாது.

இலக்கை எழுதச் சொல்வார்கள். "பதற்றமே வரக்கூடாது" என்று பெரும்பாலோர் எழுதுவார்கள். அது நடக்காது, ஆபத்தைக் கண்டால் உடல் தயாராவது உயிரோடு இருப்பதன் பகுதி. கண்ணால் பார்க்கக்கூடிய இலக்காக எழுதுங்கள்: தனியாக நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட வேண்டும், கூட்டத்தில் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும், பிள்ளை பள்ளிச் சுற்றுலா போகும் நாளில் வேலையைப் பார்க்க முடிய வேண்டும்.

சுழலை வரைதல்

இரண்டாம், மூன்றாம் அமர்வுகளில் நடக்கும் இந்த வேலைதான் மிச்ச எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒரு நோட்டில் ஐந்து கட்டங்கள் போட்டு, பதற்றம் எழும்போதெல்லாம் அரை மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். எடுத்துக்காட்டாக:

நிலைமை: வியாழன் மாலை 6:40. மேலாளரிடமிருந்து "நாளை காலை பேச வேண்டும்" என்று ஒரு செய்தி.
எண்ணம்: ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன். வேலை போகப்போகிறது.
உடல்: வயிறு பிசைகிறது, கை சில்லிட்டுவிட்டது. பதற்றம் 100-க்கு 80.
செய்தது: அந்த வாரத்தின் எல்லா மின்னஞ்சல்களையும் 2 மணி நேரம் துருவினேன். தோழியிடம் மூன்று முறை "ஒன்றும் இருக்காது இல்லையா?" என்று கேட்டேன்.
பிறகு: உடனே 50-க்கு இறங்கியது. இரவு 11 மணிக்கு மறுபடி 80. மறுநாள் மேலாளர் பேசியது விடுப்பு அட்டவணையைப் பற்றி.

கடைசி இரண்டு கட்டங்களைச் சேர்த்துப் படியுங்கள். துருவியதும் கேட்டதும் பயத்தைக் குறைத்தன. அதனால்தான் அடுத்த முறையும் அதையே செய்வீர்கள். அதோடு, எதுவும் நடக்காமல் போனதற்கான காரணத்தை மூளை தவறான கணக்கில் எழுதிக்கொள்கிறது: "நான் துருவிப் பார்த்ததால் தப்பித்தேன்." ஆபத்தே இல்லை என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு கைநழுவிப் போகிறது. இப்படிப்பட்ட செயல்களே பயத்தை உயிரோடு வைத்திருக்கின்றன என்பதை 1991-இல் பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர் தெளிவாக எடுத்துக்காட்டினார். பாதுகாப்புச் செயல்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

பெண்களிடம் இவை கண்டுபிடிக்கக் கடினமானவை, ஏனென்றால் நல்ல குணங்களின் உடையில் வருகின்றன. தூங்கும் குழந்தையின் மூச்சை இரவில் ஆறு முறை எழுந்து பார்ப்பது. ஒருவர் முகம் சற்று வாடினால் "என் மேல் கோபமா?" என்று கேட்பது. தப்பே செய்யாமல் மன்னிப்புக் கேட்பது. பத்து நிமிடப் பேச்சுக்கு ஐந்து மணி நேரம் தயாராவது. வேறொருவர் செய்த வேலையைத் திரும்பச் செய்வது. கைப்பையில் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு மருந்தகத்தையே சுமப்பது. ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? "வேலை கெடும்" என்பது பதிலானால் அது பொறுப்பு. "என்னால் தாங்க முடியாது" என்பது பதிலானால் அது பாதுகாப்புச் செயல்.

நோட்டு எழுதுவதில் வழக்கமாக வரும் கோளாறு, இரவு உட்கார்ந்து நாள் முழுவதையும் மொத்தமாக எழுதுவது. அப்போது எண்ணம் மறந்துபோய் "பதற்றமாக இருந்தது" என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சும். போனில் இரண்டு வரி தட்டினாலும் சரி, உடனே எழுதுங்கள்.

மூச்சும் தசையும்: எவ்வளவு, எப்போது

"நன்றாக இழுத்து மூச்சு விடு" என்ற அறிவுரை பல நேரம் நிலைமையை மோசமாக்கும். பதற்றத்தில் ஏற்கெனவே அளவுக்கு அதிகமாக மூச்சு வாங்குகிறோம். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்து, தலை சுற்றி, மார்பு இறுகுகிறது. அந்த நேரத்தில் பெருமூச்சாக இழுத்தால் எல்லாம் இன்னும் கூடும். அளவைக் குறைத்து, மெதுவாக்க வேண்டும். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மென்மையாக உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. அமைதியாக இருக்கும்போதே தினமும் இரண்டு வேளை, 5 நிமிடம் பழகுங்கள். நீந்தத் தெரியாதவர் வெள்ளத்தில் இறங்கிக் கற்றுக்கொள்ள முடியாது, அதுபோலத்தான்.

தாடை, தோள், கழுத்து எப்போதும் இறுகியிருப்பவர்களுக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி உதவும். ஒரு தசைக்கூட்டத்தை 5 முதல் 7 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 விநாடிக்கு மேல் அந்தத் தளர்வைக் கவனிப்பது. கையில் தொடங்கிக் கால் வரை முழுச் சுற்றுக்கு 15 முதல் 20 நிமிடம். வலி இருக்கும் இடத்தை இறுக்க வேண்டாம்.

கவலைக்கு ஒரு நேரம்

1983-இல் தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் சோதித்துப் பார்த்த எளிய முறை இது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 30 நிமிடம்; மாலை ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம். படுக்கைக்கு வெகு முன்னதாக முடிந்துவிட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை எழுந்தால் ஒரு வரியில் குறித்துவிட்டு "ஐந்தரை மணிக்கு" என்று தள்ளிவைத்து, கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஐந்தரைக்குப் பட்டியலை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். இன்றோ நாளையோ ஏதாவது செய்யக்கூடியது என்றால் அடுத்த அடியை எழுதுங்கள். "ஒருவேளை இப்படி ஆகிவிட்டால்" என்ற வகை என்றால், விடை இல்லாத கேள்வி அது என்று ஒத்துக்கொண்டு விட்டுவிடப் பழகுங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது தடவை தள்ளிவைக்க வேண்டி வரும். அதைத் தோல்வி என்று எண்ணி மூன்றாம் நாளே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். குறைந்தது 2 வாரம் கொடுங்கள். இந்த அரை மணியை வீட்டில் யாரும் குறுக்கிடக்கூடாது என்று கேட்டு வாங்குவதே சிலருக்கு முதல் பயிற்சியாக அமையும்.

ஏணி

ஐந்தாம், ஆறாம் அமர்வில் எதிர்கொள்ளும் பயிற்சி தொடங்கும். சிகிச்சையின் பலத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். தவிர்ப்பவற்றையும் பாதுகாப்புச் செயல்களையும் 0 முதல் 100 வரை பயத்தின் அளவுப்படி அடுக்குவார்கள். தவறு செய்துவிடுவோமோ, யாராவது வருத்தப்படுவார்களோ என்ற பயத்துக்கு ஓர் ஏணி இப்படி இருக்கும்:

25 – தோழிக்கு எழுதிய செய்தியைத் திரும்பப் படிக்காமல் அனுப்புவது
35 – அவசரமில்லாத செய்திக்கு 2 மணி நேரம் பதில் தராமல் இருப்பது
45 – அலுவலக மின்னஞ்சலை ஒரே முறை படித்து அனுப்புவது
55 – அதில் ஒரு சின்ன எழுத்துப்பிழையை வேண்டுமென்றே விடுவது
65 – கூடுதல் வேலை கொடுக்க வருபவரிடம், நீண்ட விளக்கம் இல்லாமல், "இந்த வாரம் முடியாது" என்பது
80 – வீட்டுப் பொறுப்பு ஒன்றை முழுதாக இன்னொருவரிடம் கொடுத்து, இடையில் கேட்காமலும் முடிந்தபின் திருத்தாமலும் இருப்பது

அலுவலகத்தைவிட வீட்டுப் படி உயரமாக இருப்பதைக் கண்டு பலர் ஆச்சரியப்படுவார்கள். பாராட்டு எங்கே அதிகம் கிடைத்ததோ அங்கே விடுவதும் கடினம்.

ஒவ்வொரு படிக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று எழுதுங்கள். "அவர் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவார், 70%." முடிந்த பிறகு, நடந்ததை எழுதுங்கள். பயம் குறைந்ததா என்பதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா, நடந்திருந்தாலும் சமாளிக்க முடிந்ததா என்பதே கணக்கு. சில சமயம் உண்மையிலேயே ஒருவர் முகம் சுளிப்பார். அதையும் தாண்டி வர முடிகிறது என்று உடம்பு கற்றுக்கொள்வது எந்த ஆறுதல் வார்த்தையைவிடவும் நீடிக்கும்.

பயிற்சி பலிக்காமல் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இவை: பயம் உச்சத்தில் இருக்கும்போதே எழுந்து ஓடிவிடுவது, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் செய்வது (குறைந்தது நான்கைந்து நாள் வேண்டும்), 25-லிருந்து நேராக 80-க்குத் தாவுவது, ரகசியமாக ஒரு பாதுகாப்புச் செயலைக் கூடவே வைத்துக்கொள்வது. மின்னஞ்சலைத் திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டு, அனுப்பிய பெட்டியில் போய்ப் படித்தால் பயிற்சி வீண். மேலே சொன்ன மூச்சுப் பயிற்சியையும் இந்த நேரத்தில் ஓரம் வையுங்கள்; இல்லாவிட்டால் "மூச்சுதான் காப்பாற்றியது" என்று மூளை எழுதிக்கொள்ளும்.

திடீரென்று நெஞ்சடைத்து, செத்துவிடுவோம் என்று தோன்றும் பேனிக் அட்டாக் வருபவர்களுக்குப் பயிற்சி கொஞ்சம் வேறு. உடலில் எழும் சாதாரண உணர்வைப் பேராபத்தாகப் படிப்பதுதான் இதன் மையம் என்று 1986-இல் டேவிட் கிளார்க் விளக்கினார். அந்த உணர்வுகளையே வேண்டுமென்று வரவழைப்பார்கள்: 1 நிமிடம் நின்ற இடத்தில் ஓடுவது, சுழல் நாற்காலியில் 1 நிமிடம் சுற்றுவது, மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியாக 2 நிமிடம் மூச்சு விடுவது. கர்ப்பம், இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா இருந்தால் மருத்துவர் அனுமதி இல்லாமல் இவற்றைச் செய்யக்கூடாது.

தனியாகக் கவனிக்க வேண்டிய இரண்டு நிலைமைகள்

குழந்தை பெற்ற பிறகு, "கீழே போட்டுவிடுவேனோ", "கத்தியால் ஏதாவது செய்துவிடுவேனோ" என்ற எண்ணங்கள் திடீரென்று மின்னும். வெளியே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்து தாய்மார்கள் இதை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட எண்ணங்கள் புதுத் தாய்மாரிடம் மிகச் சாதாரணம். எண்ணத்தைக் கண்டு நீங்கள் நடுங்குவதே, அது உங்கள் விருப்பத்துக்கு எதிரானது என்பதைக் காட்டுகிறது. பேறுகாலப் பயிற்சி உள்ள தெரபிஸ்டுக்கு இது தெரிந்த விஷயம்; சொல்லுங்கள். இதற்கு நேர் மாறானது பேறுகால உளப்பிணி: தூக்கமே வேண்டாம் என்ற வேகம், குழப்பம், காதில் குரல்கள், குழந்தையைப் பற்றி விசித்திரமான உறுதியான நம்பிக்கைகள். பெரும்பாலும் பிரசவமான முதல் 2 வாரங்களில் தொடங்கும். அது அவசர சிகிச்சை, அன்றே மருத்துவமனை.

இரண்டாவது, வீட்டில் அடி, மிரட்டல், பணத்தையும் போனையும் கட்டுப்படுத்துவது நடக்கும்போது வரும் பதற்றம். அது தவறான எண்ணம் அல்ல, சரியான எச்சரிக்கை. அதைக் "கோணத்தை மாற்றிப் பாருங்கள்" என்று சரிசெய்ய முயலும் தெரபிஸ்ட் தவறு செய்கிறார். அங்கே முதல் வேலை பாதுகாப்புத் திட்டம்: எங்கே போவது, யாரை அழைப்பது, ஆவணங்களை எங்கே வைப்பது. வன்முறை இருக்கும்போது இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் தம்பதியர் சிகிச்சை ஆபத்தானது. அறையில் சொன்ன வார்த்தைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். நோட்டையும் போன் குறிப்புகளையும் அவர் பார்க்கக்கூடும் என்றால் எழுத வேண்டாம். தெரபிஸ்ட் அழைக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மருந்து

கடுமையான பதற்றத்தில், தூங்கவும் சாப்பிடவும் முடியாதபோது, மருந்து தெரபிக்குத் துணை நிற்கும். முதலில் தருவது பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ வகை; மனச்சோர்வுக்கும் தரும் மருந்துகள் இவை. பலன் தெரிய 2 முதல் 6 வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகலாம். முதல் ஓரிரு வாரங்களில் படபடப்பு கூடவும் கூடும், அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாமல் மருத்துவரை அழையுங்கள். நிறுத்துவதும் அவர் சொல்படி மெல்ல மெல்லத்தான். உடனே அமைதி தரும் பென்சோடயசபின் மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடியவை. எதிர்கொள்ளும் பயிற்சியின் கற்றலையும் மழுக்கும். கர்ப்பம் தெரிந்த அன்றே மருந்தைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். நோயின் ஆபத்தையும் மருந்தின் ஆபத்தையும் ஒப்பிட்டு மருத்துவரோடு முடிவெடுக்க வேண்டியது அது.

சரியாகப் போகிறதா?

2 வாரத்துக்கு ஒருமுறை ஜிஏடி-7 நிரப்புங்கள். 4 புள்ளியாவது இறங்கினால் அது உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏணிப் பயிற்சி தொடங்கும் வாரங்களில் எண் சற்று ஏறுவது இயல்பு. 6 அமர்வுக்குப் பிறகும் அசையவில்லை என்றால் தெரபிஸ்டிடம் நேரடியாகக் கேளுங்கள்: "எது நம்மைத் தடுக்கிறது?"

பெண்களுக்கு வரும் ஒரு தடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெரபிஸ்ட் முன்னாலும் நல்ல பெண்ணாக நடந்துகொள்வது. வீட்டுப்பாடம் செய்யாததை மறைப்பது, புரியாவிட்டாலும் தலையாட்டுவது, அவர் சொன்னது புண்படுத்தினாலும் சிரிப்பது, "இந்த வாரம் பரவாயில்லை" என்று அவரைச் சந்தோஷப்படுத்துவது. வெளியே உங்களைச் சோர்வடையச் செய்யும் அதே பழக்கம் இது. இங்கே அதை உடைத்துப் பழகலாம். "நீங்கள் போன வாரம் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நல்ல தெரபிஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். பல நேரம் சிகிச்சை நகரத் தொடங்குவது அந்த அமர்விலிருந்துதான்.

இன்னொரு தடை, தெரபியே ஆறுதல் தேடும் இடமாகிவிடுவது. அமர்வுகளுக்கு இடையில் "நான் செய்தது சரிதானே?" என்று தெரபிஸ்டுக்குத் தினமும் செய்தி அனுப்பினால், தோழியிடம் மூன்று முறை கேட்டதன் தொடர்ச்சிதான் அது. சில வாரங்களில் குணமாக்குவேன் என்று உறுதி தருபவர், உங்கள் அனுமதியில்லாமல் குடும்பத்தாரிடம் பேசுபவர், தொடுகையிலோ பேச்சிலோ எல்லை மீறுபவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகுங்கள். எல்லை மீறலை, அவர் பதிவு செய்திருக்கும் அமைப்பில் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

முடிக்கும் கட்டத்தில் அமர்வுகள் வாரம் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி கூடும். கடைசி அமர்வுக்கு முன் ஒரு பக்கத் தாள் எழுதிக்கொள்ளுங்கள். என் பதற்றம் திரும்புவதன் முதல் அறிகுறி எது: மின்னஞ்சலை மறுபடி மூன்று முறை படிக்கத் தொடங்குவதா, அழைப்புகளைத் தவிர்ப்பதா? எது அதைக் கிளப்பக்கூடும்: புது வேலை, கர்ப்பம், வீட்டில் யாருக்காவது நோய், மாதவிடாய் நிற்கும் பருவம்? எந்தப் படியிலிருந்து ஏணியை மறுபடி தொடங்குவேன்? ஜிஏடி-7 எத்தனையைத் தொட்டால் தெரபிஸ்டை அழைப்பேன்? நான்காவது கேள்விக்கு ஒரு எண்ணை இப்போதே எழுதிவிடுங்கள், 10 என்றோ 12 என்றோ. அந்த நாள் வந்தால் "இதற்கெல்லாமா அவரைத் தொந்தரவு செய்வது" என்றுதான் மனசு தயங்கும். தாளில் இருக்கும் எண்ணைப் பார்த்து அழைத்துவிடுங்கள்.